நான்குவழிச் சாலையில் இறங்கிய வீடுகள்

சேர்மராஜ் வரைந்து கொடுத்த வீடுகளில்தான் நெடுவிளை மேலத்தெருவில் பாதிப் பேர் வாழ்ந்தோம். வீடு கட்ட நினைத்தவர்கள் கொத்தனாரைப் பார்ப்பதற்கு முன்னால் பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே இருந்த அவருடைய சின்னக் கடைக்குப் போய், பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து, மனசில் கிடக்கிற ஆசையையெல்லாம் சொல்வோம்; மாடியில் ஒரு அறை, முன்னால் கார் நிறுத்த ஒரு போர்ட்டிகோ, ஆறு பேர் உட்கார்ந்து சாப்பிட ஒரு மேசை, வாசலில் இரண்டு மரம் என்று நாங்கள் சொல்லச் சொல்ல, அவர் ஒன்றையும் குறைக்காமல், இதெல்லாம் கட்டுப்படியாகுமா என்று ஒரு வார்த்தை கேட்காமல், அத்தனையையும் கம்ப்யூட்டரில் வரைந்து கொடுப்பார். கட்டிலும் மேசையும் காரும் மரமும் என்றைக்கோ ஒருமுறை வரைந்து வைத்தவை. எல்லா வீட்டு பிளானிலும் அதையே எடுத்து ஒட்டுவார். பிறகு கொத்தனார் வருவார், மாடி போகும், போர்ட்டிகோ போகும், கடைசியில் இரண்டு அறையும் ஒரு அடுப்படியுமாக ஒரு வீடு எழும்பும்; அதில் குடியேறி, சுவரில் எண்ணெய்த் தலையைச் சாய்த்து, கதவில் கீறல் போட்டு, புகையேற்றி, அதை எங்கள் வீடாக ஆக்கிக்கொள்வோம்.

நான்குவழிச் சாலை வந்தபோது அதற்கு மேலத்தெரு முழுவதும் தேவைப்பட்டது.

சேர்மராஜுக்கும் அவர் மனைவி சுயம்புக்கனிக்கும் அதே தெருவில்தான் வீடு. அவர்களுக்கு ஒரே பெண். பள்ளிக்கூடத்தில் தர்ஷிகா, வீட்டில் தச்சு. ஒன்றாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தபோது ஐப்பசி மழையோடு வந்த டெங்குக் காய்ச்சலில் அவள் இறந்துபோனாள், அடுத்த சித்திரையில் அந்த வீட்டுச் சுவரில் இடிப்பதற்கான அடையாளம் சிவப்பு மையால் போடப்பட்டது. தச்சுவின் அறைச் சுவரில் அவள் கை எட்டிய உயரம் வரைக்கும் கிரேயானால் கிறுக்கியிருந்தாள், ஒரு சூரியன், நிறையக் கோழிகள், பூசணிக்காய் அளவுக்குத் தலை வைத்த ஒரு அப்பா. வீட்டைக் காலி செய்யச் சொன்ன அன்று சுயம்புக்கனி கேட்டது ஒன்றே ஒன்று.

"வேற எதையும் எடுக்காண்டாம். அந்தச் சுவர மட்டும் எடுத்துட்டு வாங்க."

கொத்தனார் அருளப்பன் மெஷினைக் கொண்டுவந்து, படங்களைச் சுற்றிப் பூச்சை நாலு பக்கமும் வெட்டி, பலகை கொடுத்துத் தாங்கி, பிள்ளையைத் தொட்டிலிலிருந்து எடுப்பதுபோல மெல்லத்தான் பிடுங்கினார். ஆனாலும் சுவரை விட்டுக் கழன்ற நிமிஷத்திலேயே பூச்சு முழுவதும் மாவாகப் பொடிந்து அவர் விரல்களுக்கிடையில் கொட்டிப்போயிற்று. சுயம்புக்கனி அழவில்லை. அருளப்பன்தான் பலகையைக் கீழே வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போனார்.

கீழத்தெருவில் ஒரு வாடகை வீட்டுக்கு அவர்கள் போனார்கள். சாமான்களோடு லோடு ஆட்டோவில் போன கம்ப்யூட்டர் கோடை மழையில் நனைந்து உயிரை விட்டது, சேர்மராஜ் அதைப் பழுதுபார்க்கவும் இல்லை, புதுசு வாங்கவும் இல்லை. வீடு இடிந்த மனிதர்களுக்கு வீடு வரையும் ஆள் உடனே தேவைப்படவில்லை என்பதால் அவர் சும்மா உட்கார்ந்திருந்ததை யாரும் பெரிதாகக் கவனிக்கவும் இல்லை.

அப்படி இருக்கையில்தான் எஸ்தர் டீச்சர் ஒரு நாள் காலையில் வந்தார். ஊர்ப் பள்ளிக்கூடத்தின் தலைமையாசிரியை, கணவர் இறந்து தனியாக இருந்தவர், ஒரே மகன் கத்தாரில் இருந்தான்.

"தம்பி, இடிச்ச வீட்டுக்கு நஷ்டஈடு தர தாலுகா ஆபீஸ்ல பழைய பிளான் கேக்காங்க. ஒங்ககிட்ட இருக்குமா?"

"கம்ப்யூட்டரே போயிட்டு டீச்சர்," என்றார் சேர்மராஜ். பிறகு, "ஆனா அதெல்லாம் வேற ஒரு இடத்துல இருக்கணும்," என்றார்.

சில வருஷத்துக்கு முன்னால் ஒருமுறை அவர் கம்ப்யூட்டர் படுத்து, வரைந்ததெல்லாம் போகப் பார்த்துப் பிழைத்தபோது, இனி அப்படி ஆகக்கூடாது என்று ஒரு இணையச் சேவையில் சேர்ந்திருந்தார். அது தினமும் சாயங்காலம் கம்ப்யூட்டரில் இருப்பதையெல்லாம் ஒரு நகல் எடுத்து, எந்த தேசம் என்றே தெரியாத ஒரு இடத்தில் பத்திரமாக வைத்துக்கொள்ளும். அதை அவர் மறந்தே போயிருந்தார். டீச்சர் தன் லேப்டாப்பைக் கொடுத்தார். பாஸ்வேர்டு ஞாபகத்தில் இல்லை. அதனால் அந்தச் சேவை, அவர் என்றைக்கோ தானே எழுதிவைத்த ஒரு கேள்வியைத் திருப்பி அவரிடமே கேட்டது. உங்கள் மூத்த குழந்தையின் செல்லப் பெயர் என்ன?

சேர்மராஜ் விசைப்பலகையின் மேல் விரலை வைத்தபடி இருந்தார். ஐப்பசிக்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அடுப்படியிலிருந்து சுயம்புக்கனி வந்து, ஈரக்கையை முந்தானையில் துடைத்து, கேள்வியை நின்றபடி படித்து, அவர் தோளுக்கு மேலாகக் குனிந்து ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டிவிட்டு, அடுப்படிக்குத் திரும்பிப் போனாள். சேவை அவரை உள்ளே விட்டது.

'எஸ்தர் டீச்சர் வீடு' என்ற கோப்பைத் தேடி, 'மீட்டெடு' என்ற இடத்தில் சேர்மராஜ் அழுத்தினார். கீழத்தெருவில் இன்டர்நெட் நடை பழகும் பிள்ளை மாதிரி வரும். நீலக் கோடு ஊர்ந்து ஊர்ந்து, பள்ளிக்கூடத்தில் மத்தியான மணி அடிக்கும் நேரத்தில் நிரம்பியது. அந்த நேரத்தில் சாலையோரம் டீக்கடையில் நின்றவர்கள், டீச்சரின் வீடு அது முன்பு இருந்த இடத்திலேயே, புதுத் தாருக்கு மேலே, இரண்டு தடங்களை அடைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தார்கள். தூத்துக்குடிக்கு உப்பு ஏற்றப் போன ஒரு லாரி வேகத்தைக் குறைத்து, ஹாரன் ஒருதரம் அடித்து, வீடு நகரவில்லை என்று தெரிந்ததும் இடதுபக்கமாக ஒதுங்கிச் சுற்றிக்கொண்டு போயிற்று. அதற்குப் பின்னால் வந்த வண்டிகளும் அப்படியே போயின.

சாலை வேலையின் இன்ஜினியர் மறுநாள் ஜீப்பில் வந்தார். வடநாட்டில் படித்த, ஆனால் மதுரைப் பக்கத்து ஆள். வீட்டைச் சுற்றி நடந்து, சுவரைத் தட்டிப் பார்த்து, "யாரு அனுமதி குடுத்தது?" என்று கேட்டார்.

"இடிச்சது நீங்கதான சார்," என்றார் எஸ்தர் டீச்சர், நிலைப்படியில் நின்றபடி. "எப்படி வந்துதுன்னு நீங்கதான் சொல்லணும்."

இன்ஜினியர் மேலதிகாரிக்குப் போன் செய்தார். வண்டி போக வழி இருக்கிறதா என்று மேலதிகாரி கேட்டார், இருக்கிறது என்றார் இவர், அப்படியானால் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பதில் வந்தது. மின்வாரியத்து லைன்மேன் பிளானில் மீட்டர் பலகை இருப்பதைப் பார்த்துக் கம்பி இழுத்துக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர் வந்து ஜெபம் பண்ணினார். அதற்கு அடுத்த வாரம் நாங்கள் எல்லோரும் சேர்மராஜ் வீட்டு முன்னால் நின்றோம்.

அவர் ஒவ்வொன்றாக இறக்கித் தந்தார். நீலக் கோடு நிரம்ப நிரம்ப மேலத்தெரு அதே வரிசையில், சாலையின் முதுகின் மேல் திரும்பி வந்தது. லாரிகளுக்குத் தெருவின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு தடம் மிஞ்சியது. நாங்கள் பாயும் பாத்திரமுமாகப் போய் இறங்கினோம். வந்தது நாங்கள் வாழ்ந்த வீடு அல்ல, சேர்மராஜ் வரைந்த வீடு என்பது உள்ளே போன பிறகுதான் தெரிந்தது. கொத்தனார் வெட்டியெறிந்த மாடிகள் இருந்தன, எல்லா வீட்டிலும் அதே கட்டில், அதே ஆறு நாற்காலி மேசை, எல்லாப் போர்ட்டிகோவிலும் அதே சாம்பல் நிறக் கார். அந்தக் காரை அவர் மேலிருந்து பார்க்கிற மாதிரி மட்டுமே வரைந்திருந்ததால் மாடியிலிருந்து பார்த்தால்தான் அது கார். பக்கத்தில் போனால் கதவில்லை, சக்கரமில்லை, வழுவழுப்பான ஒரு மேடு, பெண்கள் அதன்மேல் வற்றல் காயப்போட்டார்கள். வாசல் மரங்கள் குடை மாதிரி ஒரே வட்டமாக, ஒவ்வொன்றும் அதே கிளையும் அதே இலையுமாக இருந்தன; அவற்றின் நிழல் மட்டும் நல்ல குளிர்ச்சி. அறைகளின் பெயர்கள் தரையில் எழுதியிருந்தன, கூட்டக் கூட்டப் போகவில்லை.

எஸ்தர் டீச்சர் மகனுக்காகச் சொல்லி வரையவைத்து, பிறகு கட்டாமல் விட்ட மாடி அறை இப்போது இருந்தது. அவர் தினமும் சாயங்காலம் முழங்காலைப் பிடித்துக்கொண்டு படியேறி அங்கே லைட் போட்டுவிட்டு வருவார். மகன் விடுமுறைக்கு வந்தான், மாடி ஏறிப் பார்த்தான், "நல்லா இருக்கும்மா" என்றான், தன் பிள்ளைகளுக்கு லாரிச் சத்தத்தில் தூக்கம் வராது என்று சொல்லித் திருநெல்வேலியில் ஹோட்டலில் தங்கிக் கத்தாருக்கே திரும்பிவிட்டான். அதற்குப் பிறகு டீச்சர் மாடிக்குப் போவதைக் குறைத்துக்கொண்டார்.

பாத்திரக்கடை வைத்திருந்த அண்ணன் தம்பிகள் வைகுண்டராஜாவும் தர்மலிங்கமும் அப்பா செத்த வருஷம் சண்டை போட்டு, வீட்டுக்கு நடுவில் சுவர் எழுப்பி, அதற்குப் பிறகு ஒருவரோடு ஒருவர் பேசியதில்லை. அவர்களுக்கு வந்தது அப்பா காலத்து பிளான், நடுவில் சுவர் இல்லை. இரண்டு குடும்பமும் ஒரே ஹாலில் எதிரெதிர் மூலையில் பெட்டியை வைத்துவிட்டு ஒரே மேசையின் இரண்டு முனையில் உட்கார்ந்து சாப்பிட்டதைப் பார்த்து, இனி எல்லாம் சரியாகிவிடும் என்று நாங்கள் பேசிக்கொண்டோம். ஒரு மாதம் போவதற்குள் இரண்டு பேரும் கண்ணெல்லாம் சிவந்து, தனித்தனியாக அருளப்பனிடம் வந்து நின்றார்கள். தம்பி தர்மலிங்கம்தான் வாயைத் திறந்தார்.

"செங்கல் வச்சுக் குடுத்துரும், கொத்தனாரே. சுவருக்கு அந்தப் பக்கம் அவுக இருமுனாத்தான் எனக்கு ஒறக்கம் வருது. நேரா பாத்துட்டுப் படுக்க முடியல."

அருளப்பன் சுவர் வைத்தார். அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு பக்கம் நின்று செங்கல் எடுத்துக் கொடுத்தார்கள்.

எல்லோருடைய வீட்டையும் இறக்கிக் கொடுத்த சேர்மராஜ் தன் வீட்டை மட்டும் இறக்கவில்லை. தெருவில் பல்விழுந்த இடம் மாதிரி அது வெற்றாகக் கிடந்தது. ஏன் என்று நாங்கள் கேட்டால், நாளைக்கு என்பார். கடைசியில் சுயம்புக்கனியே கேட்டாள்.

"நம்ம வீடு எப்போ?"

"கனி, அந்த பிளான நான் போட்டப்போ அவ பிறக்கல."

"தெரியும்."

"உள்ள ஒண்ணும் இருக்காது."

"அதும் தெரியும். இறக்குங்க."

வீடு வந்ததும் அவள் மட்டும்தான் உள்ளே போனாள். அவர் போர்ட்டிகோவில் அந்தக் கதவில்லாத காருக்குப் பக்கத்தில் நின்றார். குழந்தை அறை என்று தரையில் எழுதியிருந்த அறைக்குள் போய், அவள் சுவரோரம் முழங்காலில் உட்கார்ந்து, பிள்ளையின் கை எட்டும் உயரத்தில் உள்ளங்கையை வைத்து, மூலையிலிருந்து மூலைக்கு மெல்ல நகர்த்திக்கொண்டே போனாள். சுவர் வெள்ளையாக, சில்லென்று, ஒரு மேடுபள்ளம் இல்லாமல் இருந்தது. வாசல் நிலையில் தச்சு ஸ்கூட்டர் ஓட்டி இடித்த வடு இல்லை, ஜன்னல் கம்பியில் அவள் ஒட்டிய ஸ்டிக்கர் இல்லை, குளியலறைக் கதவில் கொக்கியைக் கீழே இறக்கி வைத்த இரண்டு ஆணி ஓட்டை இல்லை. அவள் வெளியே வந்து கதவைச் சாத்தினாள்.

"இந்த வீடு அவளப் பாத்ததில்ல," என்றாள். "வாங்க, போவோம்."

அவர்கள் கீழத்தெருவுக்கே திரும்பிவிட்டார்கள். அந்தச் சொல் எப்படியோ தெரு முழுவதும் பரவிற்று. அதற்குப் பிறகு நாங்களும் எங்கள் சுவர்களைத் தடவிப் பார்த்தோம். எங்கள் அம்மா சாய்ந்த எண்ணெய்க் கறை எங்கே, பெரியவன் விழுந்து பல்லை உடைத்துக்கொண்ட படி எங்கே என்று தேடித் தேடி, ஆசைப்பட்ட மாடியில் நின்றுகொண்டே எங்களுக்கு ஒரு அந்நியத்தனம் வர ஆரம்பித்தது. சிலர் சாமானைக் கட்டிக்கொண்டு கீழத்தெருவுக்குப் போனார்கள்.

புரட்டாசியில் அந்தச் சேவையிலிருந்து சேர்மராஜுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. மாற்றி எழுதப்பட்ட கோப்புகளின் பழைய நகல்களை இந்த மாதத்தோடு நிரந்தரமாக அழித்துவிடப்போவதாக அதில் இருந்தது. அவர் அதைப் படித்துவிட்டுப் பேசாமல் இருந்திருப்பார். ஆனால் சாப்பிடும்போது வாய்தவறிச் சொல்லிவிட்டார். சுயம்புக்கனி சோற்றில் கையை வைத்தபடி யோசித்தாள்.

"மாடியில ரூம் எடுக்கலாமான்னு நம்ம வீட்டப் போட்டுப் பாத்துக்கிட்டிருந்திய. அவ உங்க மடியில ஏறி உக்காந்து மவுஸப் பிடிச்சுக் கிறுக்கினாளே. அது இருக்குமா?"

"அன்னைக்கே அழிச்சிட்டேன், கனி."

"சாயங்காலமே நகல் எடுத்துக்கிடும்ன்னியள்லா? நீங்க அழிச்சது மறுநா காலையில."

அவர் கையைக் கழுவிக்கொண்டு போய் லேப்டாப்பைத் திறந்தார். அந்த நாளின் நகல் இருந்தது. அதை இறக்கினால் இப்போது சாலையில் நிற்கிற அவர்கள் வீடு போய், அதன் இடத்தில் இது வரும். அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார், அவள் தலையை அசைத்தாள்.

நாங்கள் அதை எங்கள் கண்ணால் பார்த்தோம். அவர்கள் வீடு தண்ணீரில் தெரிகிற மாதிரி ஒருதரம் அலைந்து, பழையபடி நின்றது. ஆனால் குழந்தை அறையின் பின்பக்கத்திலிருந்து ஒரு சுவர் புறப்பட்டு, கோணலும் மாணலுமாக, சில இடத்தில் தடுமாறி, சில இடத்தில் வேகமெடுத்து, வெளித்தடத்தைக் குறுக்காக அடைத்து, ஒரு வட்டம் போடப் பார்த்து, வட்டம் முடியாமல் முட்டை மாதிரி நீண்டு, தொடங்கிய இடத்துக்குத் திரும்பி வந்து, தொடுவதற்குக் கொஞ்சம் முன்னால் நின்றுவிட்டது. ஆள் உயரத்துக்கு மேல், கூரையில்லாத சுவர். அதற்குள்ளே முழுக்க மரங்கள். சேர்மராஜ் ஒவ்வொரு வாசலுக்கும் இரண்டு ஒட்டுவாரே, அதே குடை மரம். மவுஸைத் தட்டினால் ஒரு மரம் வருகிறது என்று கண்டுபிடித்த தச்சு, தட்டிக்கொண்டே இருந்திருக்கிறாள், இடம் தீர்ந்த பிறகும் ஒன்றின்மேல் ஒன்றாக.

"என்னட்டி இதுன்னு கேட்டேன்," என்றார் சேர்மராஜ் எங்களிடம். "எனக்கு ரூமு, அப்பா வரக்கூடாதுன்னா. முழுசா மூடல. அதுக்குள்ள ஸ்கூல் வேன் வந்துட்டு, மவுஸ விட்டுட்டு ஓடிட்டா."

சுவர் முடியாமல் நின்ற இடத்தில் ஒரு சந்து இருந்தது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ஒருக்களித்து நுழையலாம், பெரியவர்கள் நுழைய முடியாது. அருளப்பன் உளியை எடுத்துவரட்டுமா என்று கேட்டார், சுயம்புக்கனி வேண்டாம் என்றாள். அவள் சந்தின் முன்னால் உட்கார்ந்து, கையைத் தோள்வரைக்கும் உள்ளே நுழைத்து, கன்னத்தைச் சுவரில் அழுத்திக்கொண்டாள். விரல் நுனியில் ஒரு இலை எட்டியது. அவள் அதைப் பறிக்கவில்லை, பிடித்துக்கொண்டு மட்டும் இருந்தாள், வெயில் சாய்ந்து லாரிகள் விளக்குப் போடும்வரைக்கும்.

மழைக்காலம் முடிந்ததும் இன்ஜினியர் பொக்லைன்களோடு திரும்பி வந்தார். மேலதிகாரி சொன்ன அந்த 'பிறகு' வந்துவிட்டது. அவர் ஒரு சண்டைக்குத் தயாராகப் போலீசையும் கூட்டிவந்திருந்தார். ஆனால் எஸ்தர் டீச்சர் தன் துணிப்பையை எடுத்துக்கொண்டு, சாவியை அவர் கையில் கொடுத்துவிட்டுப் படியிறங்கினார், அண்ணனும் தம்பியும் சுவருக்கு இரண்டு பக்கமிருந்தும் வெளியே வந்து கீழத்தெருவில் அடுத்தடுத்த வீட்டுக்கு வாடகைக்குப் போனார்கள், நாங்களும் போனோம். முதல் தடவை இடித்தபோது மண்ணை அள்ளி வீசி அழுத பெண்கள் இந்தத் தடவை டீக்கடைப் பக்கம் நின்று பார்த்துவிட்டு உலை வைக்கப் போய்விட்டார்கள். சேர்மராஜ் வீடும் விழுந்தது. சுயம்புக்கனி அதைத் தடுக்கவில்லை.

மர அறை மட்டும் மிச்சம் நின்றது. இன்ஜினியர் அதைச் சுற்றி வந்து சந்துக்கு முன்னால் நின்றார்.

"இத ஏன் மூடல?"

"வேன் வந்துட்டு சார்," என்றார் சேர்மராஜ்.

யாருடைய அறை, என்ன வேன் என்று நாங்கள்தான் சொன்னோம். அவர் கேட்டுவிட்டு, வாட்சைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டு, கையை முழங்கைவரைக்கும் உள்ளே விட்டு, கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு ஆட்களிடமிருந்து சுண்ணாம்புப் பொடியை வாங்கி, தானே குனிந்து, மர அறையைச் சுற்றிச் சாலைக்கு ஒரு வளைவுக் கோடு போட்டார். மேலிடத்தில் என்ன எழுதிக் கொடுத்தாரோ தெரியாது. கோட்டின்மேல் தார் விழுந்தது.

அதற்குப் பிறகு சிறுபிள்ளைகளுக்கு அந்த அறை சொந்தமாயிற்று. பள்ளிக்கூடம் விட்டதும் இந்தப் பக்கத்துத் தடத்தை மட்டும் கவனமாகத் தாண்டி வந்து, சுவரோரம் செருப்பைக் கழற்றிவிட்டு, ஒருக்களித்து உள்ளே போய்விடுவார்கள். மரங்களுக்கு இடையில் அவர்களுக்கு மட்டும் வழி இருந்தது. சுயம்புக்கனி ஒவ்வொரு நாளும் வந்து, தடத்தைத் தாண்ட உதவி, சந்துக்கு வெளியே உட்கார்ந்திருப்பாள். வெளியே வருகிற பிள்ளையின் தலையிலிருந்து இலையை எடுத்துவிட்டு, "உள்ள என்ன இருக்கு?" என்று கேட்பாள்.

"மரம் மட்டுந்தான் அத்த."

"சரி."

அப்படி உள்ளே போனவர்களில் தர்மலிங்கத்தின் மகள் சுபிக்ஷாவும் ஒருத்தி, தச்சுவோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். பிறகு அவளைத் தூத்துக்குடியில் விடுதியில் சேர்த்துவிட்டார்கள், ஊருக்கு வருவது குறைந்துபோயிற்று. ஒரு கோடை விடுமுறையில் வந்தவள், பெட்டியைக்கூடப் பிரிக்காமல் மர அறைக்கு ஓடிவந்து, செருப்பைக் கழற்றி, பழைய பழக்கத்தில் தலையைக் குனிந்து சந்துக்குள் நுழைந்தாள். தோள் இடித்தது. பின்வாங்கி, இந்தப் பக்கம் திரும்பி முயன்றாள், மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு முயன்றாள், சடை சுவரில் சிக்கி வலித்தது. உள்ளே சின்னப் பிள்ளைகளின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"சுவரு நெருங்கிட்டா அத்த?"

"இல்லட்டி," என்றாள் சுயம்புக்கனி. "நீ வளந்துட்ட."

சொன்ன பிறகுதான் அந்தச் சொல் அவளுக்கே கேட்டது. ஆஸ்பத்திரியில் அழாதவள், பூச்சு பொடிந்து கொட்டியபோது அழாதவள், எங்கள் யார் முன்னாலும் அழுது நாங்கள் பார்க்காதவள், வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு, உடம்பு குலுங்க அழுதாள். சுபிக்ஷா பக்கத்தில் உட்கார்ந்து, மெதுவாகக் கேட்டாள்.

"தச்சுவும் என் உசரம் இருப்பாளா அத்த?"

"உன்ன விட ரெண்டு வெரக்கட கூட இருப்பா," என்றாள் சுயம்புக்கனி, அழுகைக்கு நடுவில். "அவ எப்பவும் உன்ன விட உசரம்லா."

"ஆமா," என்றாள் சுபிக்ஷா. "லைன்ல எனக்குப் பின்னாலதான் நிப்பா."

இரண்டு பேரும் சின்னப் பிள்ளைகள் வெளியே வரும்வரைக்கும் அங்கேயே இருந்தார்கள். ஒவ்வொரு தலையிலிருந்தும் இலையை எடுத்துவிட்டு, தடத்தைத் தாண்டவைத்து, சுயம்புக்கனி வீட்டுக்கு வந்தாள். சேர்மராஜ் அப்போது மறுபடியும் வரையத் தொடங்கியிருந்தார். கீழத்தெருவுக்குப் பின்னால் எழும்புகிற வீடுகளுக்கு, கட்டுப்படியாகிற அளவில் சின்னச் சின்ன பிளான்கள். அவள் அவருக்குச் சோறு போட்டு, குழம்பை ஊற்றி, எதிரே உட்கார்ந்தாள்.

"அவளும் இனிமே அதுக்குள்ள போவ முடியாது, என்னா?"

அவர் யாரை என்று கேட்கவில்லை. பிசைந்த சோற்றைத் தட்டிலேயே விட்டுவிட்டு, சுவரில் எதையோ அளப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"முடியாது, கனி," என்றார். "தோள் இடிக்கும்."